ஏர் ரைஃபிள் 12 அடி-பவுண்டைத் தாண்டுகிறது, உதவுங்கள்

இங்கிலாந்தில் ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். போன மாதம் ஒரு பழைய .177 அங்குல பிசிபி (முன்கூட்டியே அடைத்த அழுத்தக் காற்றில் சுடும் ரைஃபிள்) வாங்கினேன். 8.4 கிரெய்ன் எடையுள்ள பெல்லட்டில் (குண்டில்) வேகம் அளக்கும் க்ரோனோகிராஃப் நொடிக்கு 785 அடி காட்டியது, அதாவது சக்தி 11.5 அடி-பவுண்டு, 12 என்ற சட்ட வரம்புக்குள்தான் என்று நிம்மதியாக இருந்தேன். நேற்று 10.3 கிரெய்ன் போட்டால் 730 அடி, கணக்குப் பார்த்தால் 12.2! பிசிபியில் கனமான பெல்லட்டுக்குச் சக்தி கூடும் என்பது தெரிந்தும் முதல் நாளே சோதிக்காமல் விட்டேன். எந்த பெல்லட்டில் தாண்டினாலும் தாண்டியதுதான், ஃபயர்ஆர்ம் சர்டிஃபிகேட் (துப்பாக்கி உரிமம்) இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

காற்றை இறக்கி அலமாரியில் பூட்டிவிட்டேன், ராத்திரி தூக்கமே இல்லை. சக்தியைக் குறைக்க ஹேமர் ஸ்பிரிங்கை நானே திருகப் போவதில்லை, பதிவு பெற்ற டீலரிடம்தான் கொடுக்கப் போகிறேன். ஆனால் அதை நானே காரில் எடுத்துப் போகலாமா, இல்லை அவரை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வதா? இப்படி மாட்டியவர்கள் என்ன செய்தீர்கள்? அப்புறம், எவ்வளவு குறைத்து வைத்தீர்கள்? எனக்கு 11.2 இருந்தாலே போதும்.