தார் பாலைவனத்தில் சைக்கிள்: டயர், தண்ணீர், ரசீது

கேள்வி: ஒரு பள்ளிக்கு நிதி திரட்ட, டிசம்பரில் நாலு பேர் ஜோத்பூர்–பொக்ரான்–ஜெய்சல்மேர் மிதிக்கிறோம். 28 மி.மீ. டயர் தாங்குமா? தண்ணீர் எவ்வளவு?

பதில் 1: தார்ச்சாலையில் தாங்கும். பயப்பட வேண்டியது முள்ளுக்குத்தான். ஓரத்தில் இறக்கி உருட்டினாலே கருவேல முள் ஏறிவிடும். ஆளுக்கு 2 ட்யூப், பொதுவில் ஒரு பேட்ச் கிட். புது ட்யூப் மாட்டுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் துழாவுங்கள். ஒடிந்த முனை உள்ளே தங்கினால் கொஞ்ச தூரத்திலேயே மறுபடி பஞ்சர்.

பதில் 2: செயினுக்குக் கெட்டி எண்ணெய் வேண்டாம், மணல் ஒட்டி அரைத்துவிடும், மெழுகு கலந்த மசகு போடுங்கள். தண்ணீர் மணிக்கு முக்கால் லிட்டர், இடையிடையே ஓ.ஆர்.எஸ். பொக்ரானிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 110 கி.மீ.; ஆளுக்கு 3 லிட்டரோடு கிளம்பி, வழியில் மறுபடி நிரப்பிக்கொள்ளுங்கள்.

பதில் 3: நன்கொடை ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாக வந்தால் கொடுத்தவருக்கு அதற்கான வருமான வரிச்சலுகை கிடையாது. யூபிஐ-யில் நேரே பள்ளி அறக்கட்டளைக் கணக்குக்கே போகட்டும், உங்கள் கணக்குக்கு வேண்டாம்.