ஆட்சேபக் கடிதத்தில் எந்த ஆங்கிலச் சொல்லைப் போடுவது?

கேள்வி – சிங்கப்பூர், புக்கிட் தீமா வாசகி:
எங்கள் கொண்டோமினியத்தை ‘என் பிளாக்’ முறையில், அதாவது எல்லா வீடுகளையும் சேர்த்து ஒன்றாக, விற்கப் பெரும்பாலோர் கையெழுத்திட்டுவிட்டனர். கையெழுத்திடாத பக்கத்து வீட்டுப் பாட்டிக்காக, இத்தகைய விற்பனை விண்ணப்பங்களை விசாரிக்கும் ஸ்ட்ராட்டா டைட்டில்ஸ் போர்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவரை ‘அப்ஜெக்டர்’ என்பதா, ‘அப்போனன்ட்’ என்பதா, ‘அப்பெலன்ட்’ என்பதா?

மறுமொழி – சட்ட எழுத்தர்:
‘அப்ஜெக்டர்’ என்பதே சரி, சகோதரி. முடிவு இன்னும் உறுதியாகாத நிலையில், அதை ஏற்க வேண்டாமென்று உரிய அமைப்பிடம் முறைப்படி ஆட்சேபம் தெரிவிப்பவரையே அச்சொல் குறிக்கும். கட்டடம் பத்தாண்டுகளைக் கடந்திருந்தால் 80 விழுக்காடும், கடக்காவிட்டால் 90 விழுக்காடும் ஒப்புதல் இருந்தாலே விற்பனைக் குழு போர்டை நாட முடியும். ஒப்புதல் தராத உரிமையாளர், அந்த விண்ணப்ப அறிவிப்பின் தேதியிலிருந்து 21 நாள்களுக்குள் ஆட்சேபத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். பாட்டியின் கடிதத்தில் சொல்லைவிட இந்தத் தேதிதான் முக்கியம். முதலில் அதைப் பாருங்கள்.

‘அப்பெலன்ட்’ என்பவர் தீர்ப்பு வந்தபின் மேல்முறையீடு செய்பவர். ஹொரைசன் டவர்ஸ் என்ற கொண்டோமினியத்தின் என் பிளாக் விற்பனை வழக்கில் போர்டின் முன் ‘அப்ஜெக்டர்’களாக நின்றவர்களே பிறகு ‘அப்பெலன்ட்’களாக மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றார்கள், 2009இல் அந்நீதிமன்றம் விற்பனைக்கான உத்தரவை ரத்துசெய்தது.

மறுமொழி – ஓய்வுபெற்ற ஆசிரியர்:
‘அப்போனன்ட்’ பொதுவாகப் போட்டியாளரைக் குறிக்கும். சட்ட வழக்கில் அதற்குத் தனி இடமுண்டு: சிங்கப்பூரில் ஒரு வணிகக் குறிக்கான விண்ணப்பம் வெளியிடப்பட்ட இரண்டு மாதங்களுக்குள் அதை எதிர்த்து மனு கொடுப்பவர் ‘அப்போனன்ட்’ எனப்படுவார். முடிவெடுக்கும் குழுவுக்குள்ளேயே இருந்து மாறுபட்ட கருத்தைப் பதிவுசெய்பவரை ‘டிஸ்சென்டர்’ என்பர். ஹோங் லிம் பூங்காவில் பதாகை ஏந்துபவர் ‘புரொட்டெஸ்டர்’. அச்சொல் போர்டுக்கான கடிதத்தில் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. ‘அப்போஸ் டு’ என்று எழுதலாமா?

மறுமொழி – ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கூடாது, அம்மா. ‘அப்ஜெக்ட்’ என்ற வினைக்குப் பின் ‘டு’ வரும். ‘அப்போஸ்’ என்ற வினைக்குப் பின் வராது, ‘அப்போஸ்ட்’ என்றால் மட்டும் வரும். நம் மாணவர்கள் ஆண்டுதோறும் குழம்பும் இடம் இது. ‘ஐ அப்ஜெக்ட் டு தி அப்ளிகேஷன்’ என்று தொடங்கி, உடனே காரணத்தைச் சொல்லுங்கள்.

மறுமொழி – சட்ட எழுத்தர்:
காரணத்தை எண்ணிக்கையோடு எழுதுங்கள். கழிவுகள் போகப் பாட்டிக்குக் கிடைக்கும் தொகை அவர் வீட்டை வாங்கிய விலையைவிடக் குறைவாக இருந்தாலோ, வீட்டுக் கடனை அடைக்கப் போதாவிட்டாலோ, அவை சட்டம் ஏற்கும் காரணங்கள். வாங்கிய ஒப்பந்தத்தின் நகலையும் வங்கியின் கடன் அறிக்கையையும் கட்டாயம் இணையுங்கள்.