ஹார்பின் ஐஸ் விழா: மனசை விட்டுப் போகாத ஒரு நிமிடம்
(இந்தத் தலைப்பில் இணைய மன்றத்தில் வந்த பதிவுகள். ஒவ்வொன்றின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ஆறாம் வருடம்
வடகிழக்குச் சீனாவின் ஹார்பினில் குளிர்காலத்தில் ஐஸிலும் பனியிலும் கோபுரம், சிற்பம் செய்யும் விழாவைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஹார்பினில் மருத்துவம் படித்த முதல் வருடம். டிசம்பரில், விழாவுக்கு ஐஸ் அறுப்பதைப் பார்க்க சோங்ஹுவா ஆற்றுக்குப் போனேன். ஆறு உறைந்து மைதானம் மாதிரி கிடக்கிறது. கோடு போட்டு இயந்திரத்தால் அறுக்கிறார்கள், கடப்பாரையால் நெம்புகிறார்கள், பாளம் கழன்று மிதந்து வருகிறது, நீளக் கொக்கியால் இழுத்து மேலேற்றுகிறார்கள். காற்று மைனஸ் 25. அறுத்த இடத்தில் தண்ணீரிலிருந்து பொங்கல் பானை மாதிரி ஆவி பறக்கிறது. அதைப் படமெடுக்க இன்னும் ரெண்டு அடி பின்னால் போனேன்.

"பியே தோங்!" (அசையாதே) என்று ஒரு குரல். அடுத்த நொடி கோட்டுக் காலரைப் பிடித்து யாரோ இழுக்க, குப்புற விழுந்தேன். வயசான தொழிலாளி. நான் கால் வைக்கப்போன இடத்தில் தன் கொக்கிக் கம்பால் ஒரு குத்து. கம்பு சரக்கென்று உள்ளே போனது. சற்று முன் அறுத்த இடம், மெல்லிசாக ஏடு கட்டி, மேலே பனித்தூள் மூடியிருக்கிறது. என்னைத் திட்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த மொழியில் நான் முதலில் கற்ற வார்த்தையே அதுதான். கம்பு உள்ளே போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சிராங்கூன் ரோடு
நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், ஜனவரியில். சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் குளிர் என்னவென்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அம்மா இமையெல்லாம் வெள்ளை. ஐஸ் கோபுரம், கோட்டை, விளக்கு எதையும் அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "என்னடா, ஃப்ரிட்ஜுக்குள்ள கூட்டிட்டு வந்து கதவைச் சாத்திட்டியே" என்றார்.

பனியில் செய்த பெரிய புத்தர் ஒன்று இருந்தது. அதன் முன்னால் போனதும் அம்மா ரெண்டு கையுறையையும் கழற்றிவிட்டார். நான் கத்துகிறேன், கேட்கவில்லை. உறை போட்ட கையோடு சாமி கும்பிடக்கூடாதாம். கண்ணை மூடி நின்றார், அவர் நின்ற நேரம் எனக்கு ஒரு மணி நேரம் மாதிரி இருந்தது. அப்புறம் விரல்கள் மடங்கவில்லை. என் கோட்டுக்குள் அந்தக் கைகளை வைத்துக்கொண்டேன், ரெண்டு மீன் மாதிரி இருந்தன. என்ன வேண்டினீர்கள் என்று கேட்டதற்கு, "உன்னை நல்லபடியா ஊர் கொண்டுபோய்ச் சேக்கணும்னுதான்" என்றார். அம்மாவைக் கூட்டிப்போனது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைனஸ் முப்பது
முதல் பதிவு நம்பும்படி இல்லை. அறுக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பார்கள், வேடிக்கை பார்க்கிறவர்களை உள்ளே விடமாட்டார்கள். நான் போன வருடம் போனேன், 521 மீட்டர் ஐஸ் சறுக்குமரத்துக்கு மூன்று மணி நேரம் வரிசை, சறுக்கியது ஒரு நிமிடம்கூட இருக்காது. என் கதை அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி வியர்வையை உறிஞ்சிக் குளிரும். பூட்ஸ் ஒரு சைஸ் பெரிதாக வாங்குங்கள், இறுகினால் ரத்தம் ஓடாது, ரெண்டு சாக்ஸ் போட்டும் பிரயோஜனமில்லை. போன் உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும், திடீரென்று செத்துவிடும். அங்கே காசு கொடுப்பதெல்லாம் போனில்தான், போன் செத்தால் ஒரு குச்சி தாங்ஹூலுகூட (சர்க்கரைப்பாகு பூசிய பழம்) வாங்க முடியாது. கையில் கொஞ்சம் நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேமராவை அறைக்குள் கொண்டுபோகுமுன் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க வியர்த்துவிடும். ஊரே பெய்ஜிங் நேரத்தில் ஓடுகிறது, ஆனால் ஊர் இருப்பது கிழக்கே வெகு தூரத்தில். ஜனவரியில் நாலு மணிக்கே இருட்டு. பகலில் சூரியத் தீவுப் பூங்காவில் பனிச் சிற்பம், மூன்று மணிக்கு மேல் விளக்கு போட்ட ஐஸ் கோட்டைகள் இருக்கும் ஐஸ் உலகம் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயசானவர்களைக் கூட்டிப்போகவே வேண்டாம். விழா 1963லிருந்து நடக்கிறது, எங்கும் ஓடிவிடாது.

வாளி விளக்கு
ஒருத்தர் அம்மா கையைப் பற்றி எழுதினால் நீங்கள் பூட்ஸ் சைஸ் சொல்கிறீர்கள். சரி, போகட்டும். 1963ல் ஆரம்பித்தது சாவ்லின் பூங்காவின் ஐஸ் விளக்குக் கண்காட்சி. நடுவில் மாவோவின் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோனது. இன்றைய விழா தொடங்கியது 1985 ஜனவரி 5ல். அந்தப் பெரிய ஐஸ் உலகம் 1999ல்தான் வந்தது. பழைய விளக்கு எப்படித் தெரியுமா? வாளியில் தண்ணீர் ஊற்றி வெளியே வைப்பது. ஓரம் உறைந்ததும் நடுத்தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே மெழுகுவத்தி. எங்கள் ஹாஸ்டல் பால்கனியில் நாங்களும் செய்தோம், வார்டன் வாளியைப் பறித்துக்கொண்டார்.

எனக்கு மறக்காதது வேறு. பிப்ரவரிக் கடைசியில், கூட்டமில்லாதபோது பார்க்கலாமென்று போனேன். கண்ணாடி மாதிரி இருந்த சுவர் பால் நிறத்துக்கு மாறிவிட்டது, உள்ளேயிருந்த விளக்குக் குழல்கள் விலா எலும்பு மாதிரி வெளியே தெரிந்தன. எங்கும் சொட்டுச் சொட்டென்று சத்தம். ஒரு சிங்கத்தின் தலை கீழே விழுந்து கிடந்தது. அதன்மேல் அட்டையைப் போட்டு உட்கார்ந்து ஒரு தொழிலாளி டப்பாச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், உட்காரச் சொல்கிற மாதிரி. நான் படமெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கலாம்.

சிராங்கூன் ரோடு
மைனஸ் முப்பதுக்கு: வயசானவர்களைப் பற்றி எங்கள் அம்மாவிடம் சொல்லிப்பாருங்கள். அடுத்து எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆறாம் வருடம்
மைனஸ் முப்பது சொன்னது சரி. கயிறு கட்டியிருந்தது, தாண்டித்தான் போனேன். எழுதும்போது அதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் குரலுக்கு முன்னாலேயே அவர் ரெண்டு தடவை கத்தினார். மூன்றாவதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு அப்போதே தெரியும், உடற்கூறு வகுப்பில் எங்கள் பேராசிரியர் தினமும் சொல்வார். மொழி புரியாத வெளிநாட்டுக்காரன் மாதிரி நடித்துக்கொண்டு நடந்தேன், படம் நன்றாக வந்துகொண்டிருந்தது.