செத்த பிறகும் சும்மா இருக்காத கடல் உயிர்கள்: உங்கள் அனுபவம்?

மண்டபத்து மருமகள்
மண்டபம் கரையில் செத்துக் கிடந்த சொறி மீன் (ஜெல்லி மீன்) மேல் நாத்தனார் மகன் கால் வைத்துவிட்டான். ஈ மொய்த்துக்கொண்டிருந்த சொறி அது. அவன் அலறியதைவிட எனக்கு மறக்காதது அந்தக் கால்தான்: சாட்டையால் அடித்ததுபோல் சிவப்பு வரிகள் என் கண்ணெதிரே ஒவ்வொன்றாகத் தடித்து எழும்பின. மூளை கிடையாது, இதயம் கிடையாது, உடம்பில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அதுவும் செத்தது. எப்படிக் கொட்டியது? பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "சொறி செத்தாலும் அதன் நஞ்சு சாகாது தாயி" என்றார்.

பாக் நீரிணை
கொட்டுவதற்கு மூளையின் உத்தரவு வேண்டியதில்லை அக்கா. ஒவ்வொரு கொட்டும் செல்லுக்குள்ளும் நுண்ணிய குழல் ஒன்று சுருண்டு கிடக்கும். தோல் பட்டதும் தெறித்து இறங்கிவிடும்.

என் கதை கடல் அட்டை. அப்பாவின் வலையில் தானாக ஏறியது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலி இருக்கிற பட்டியலிலேயே அட்டையையும் சேர்த்துவிட்டார்கள், பிடித்தால் சிறைதான். திரும்ப விடத்தான் கையில் எடுத்தார். உடம்பை இறுக்கிக் குதம் வழியாகக் குடலையே வெளியே தள்ளியது. அப்பாவின் விரலிடுக்கில் குடல் பிசுபிசுவென்று தொங்குகிறது, அட்டை இன்னும் நெளிகிறது. கடலில் விட்டோம். குடல் மறுபடி வளர்ந்துவிடுமாம். எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்தில் இதையே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். இங்கே வலையில் ஏறினாலே நெஞ்சு படபடக்கிறது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சென்னைக் கடற்கரை
தம்பி, பண்ணையில் வளர்ப்பது வேறு, கடலில் அள்ளுவது வேறு. அட்டை மணலைத் தின்று அதிலுள்ள கசடைச் செரித்து, மணலை வெளியே விடும். அதை வழித்து எடுத்தால் கடலடி என்ன ஆகும்?

எனக்கு நடந்தது சின்னது. பெசன்ட் நகரில் நீலக் குமிழியின் இழை கையில் சுற்றியது. (அது சொறி இனமே இல்லை, பல உயிர்கள் ஒட்டி ஒரே உடலாக மிதக்கும் கூட்டம்.) யாரோ பாட்டில் தண்ணீரை ஊற்ற, எரிச்சல் இன்னும் ஏறியது. எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது, கடல் தண்ணீரால்தான் கழுவ வேண்டும். மணல் போட்டுத் தேய்க்கக் கூடாது. சிறுநீர் வைத்தியம் வேண்டவே வேண்டாம். இழையை வெறுங்கையால் தொடாமல் குச்சியால் எடுங்கள். நீலக் குமிழி என்றால், பொறுக்கிற அளவு சூடான தண்ணீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 20 நிமிடம் வைத்தால் வலி குறையும். மூச்சு திணறினாலோ நெஞ்சு அடைத்தாலோ உடனே ஆஸ்பத்திரி. குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் காலில் செருப்பில்லாமல் விடவே விடாதீர்கள்.

காசிமேடு
மூளை இல்லை என்று முதுகெலும்பில்லாத எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடாதீர்கள். பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) வாங்கப் போனேன். வெட்டிப் போட்ட ஒரு கை, நறுக்கிய அக்காவின் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. அவர் உறிஞ்சிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார், தோலில் வட்ட வட்டமாகத் தடம். அதற்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள், மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கிறது. அப்புறம் நான் அதை வாங்குவதே இல்லை.

மண்டபத்து மருமகள்
பையன் இப்போது நன்றாக இருக்கிறான், மெல்லிய தழும்பு மட்டும். நாங்கள் பார்த்தது வெள்ளைக் குடை, விளிம்பில் லேசான ஊதா, சாப்பாட்டுத் தட்டளவு அகலம். என்ன இனம் என்று யாருக்காவது தெரியுமா?