பொம்பிளை விஞ்ஞானியளைப் பற்றி லெக்சர் தொடர்: ஆரைப் பற்றிக் கதைச்சா எங்கட பிள்ளையளுக்குப் பிரயோசனம்?

அறிவியல்நகர்_மூண்டாம்வருசம்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சியில கம்பஸ் படிக்கிற பிள்ளையள் கொஞ்சப்பேர் சேர்ந்து பெப்ரவரியில நாலு சனிக்கிழமைக்கு ஒரு லெக்சர் தொடர் வைக்க யோசிச்சிருக்கிறம். பெப்ரவரி 11 விஞ்ஞானத்தில பெண்களுக்கான நாள்தானே, ஐநா 2015இல அறிவிச்சது, அதை ஒட்டி. விஞ்ஞானம், தொழில்நுட்பத்தில முன்னுக்கு வந்த பொம்பிளையளைப் பற்றிக் கதைக்கிறதுதான் நோக்கம். முல்லைத்தீவு, துணுக்காய், பூநகரிப் பக்கத்து ஓ/எல், ஏ/எல் பிள்ளையளைக் கூப்பிடப் போறம்.

மேரி கியூரி, அடா லவ்லேஸ் எண்டு ஒரு லிஸ்ட் எழுதி முந்தநாள் என்ர தங்கச்சியிட்டக் காட்டினன், அவ பத்தாம் வகுப்பு. வாசிச்சுப்போட்டு, "அக்கா, இவையெல்லாம் எங்கயோ இருக்கிற ஆக்கள், எங்கட லாப்பில மைக்கிரஸ்கோப் ஒண்டே ஒண்டு, அதையும் ரீச்சர்தான் தொடுவா" எண்டு சொன்னா. எனக்கு அதுக்குப் பிறகு அந்த லிஸ்டைப் பார்க்கவே மனமில்லை. பிள்ளையள் வந்து இருந்து கேட்டு, கைதட்டி, ரீ குடிச்சிட்டுப் போறதுக்கு இதைச் செய்யத் தேவையில்லை. ஆரைப் பற்றிக் கதைக்கலாம், என்னமாதிரிக் கதைக்கலாம்? சொல்லுங்கோ.

ஒட்டுசுட்டான்_பௌதிகம்:
தங்கச்சி, மேரி கியூரியை விடவேண்டாம், 1903இலயும் 1911இலயும் ரெண்டு தரம் நோபல் எடுத்தவ. ஆனா நான் ஏ/எல் வகுப்பில பிள்ளையளுக்குச் சொல்லுறது ஜோஸ்லின் பெல் பர்னலைப் பற்றி. வட அயர்லாந்துப் பிள்ளை. அங்க எங்கட புலமைப்பரிசில் மாதிரி பதினொரு வயசில ஒரு சோதினை இருந்தது, அதில அவ பெயில். பிறகு பள்ளிக்கூடத்தில பொடியங்களை லாப்புக்கும் பெட்டையளைச் சமையல் வகுப்புக்கும் அனுப்ப, தாய் தகப்பன் போய்ச் சண்டை பிடிச்சுத்தான் அவவை விஞ்ஞானத்துக்கு மாத்தினது. இந்த இடத்தில வகுப்பே அமைதியாயிடும், ஏனெண்டா அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதினையில வெட்டுப்புள்ளி வராததை இன்னும் மனசுக்குள்ள வைச்சிருக்கிற பிள்ளையள் கனபேர்.

கேம்பிரிஜ்ஜில ஆராய்ச்சி செய்யேக்க நாலரை ஏக்கரில ஒரு ரேடியோ தொலைநோக்கி, கட்டை அடிச்சு கம்பி இழுத்து கட்டினவையில அவவும் ஒராள். நாலரை ஏக்கர் எண்டா எவ்வளவு எண்டு எங்கட பிள்ளையளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த மெசின் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 30 மீட்டர் கடதாசியில கோடு கீறித் தள்ளும், அவ அவ்வளவையும் கண்ணாலயே பார்த்தவ. வானத்தை முழுக்க ஒருக்கா பார்க்க 120 மீட்டர் போகும், அதில அரைச் சென்ரிமீட்டருக்கு ஒரு கிறுக்கல், அதை விடாம பிடிச்சுக் கொண்டு போய்த்தான் 1967இல விட்டு விட்டு ரேடியோ அலை தாற பல்சர் எண்ட நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சது. 1974இல நோபல் அவவின்ர மேற்பார்வையாளருக்குக் குடுத்தாங்கள், அவவுக்கு இல்லை. 2018இல வேறொரு பரிசு கிடைச்சது, 30 லட்சம் டொலர், அவ்வளவையும் வசதி குறைஞ்ச, வாய்ப்புக் கிடைக்காத பிள்ளையள் பௌதிகம் படிக்கக் குடுத்திட்டா. இதைச் சொல்லேக்க ஒரு நீளக் கடதாசிச் சுருளை மண்டபத்தில விரிச்சுக் காட்டுங்கோ, ஸ்லைட் போடாதேங்கோ.

மாங்குளத்து_அம்மா:
பிள்ளை, நான் பென்சன் எடுத்த ஆள், வன்னியில மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கிற வேலை செய்தனான். நீங்கள் சீனாவின்ர து யூயூ எண்ட அம்மாவைப் பற்றி ஒரு சனிக்கிழமை முழுக்கக் கதைக்கவேணும். மலேரியாவுக்கு மருந்து தேடி பழைய சீன வைத்திய ஏடுகளைப் பிரட்டினவ. மூலிகையை அவிச்சு எடுத்த சாறு சரியா வேலை செய்யேல்ல. ஒரு பழைய ஏட்டில ஒரு பிடி தழையைத் தண்ணியில ஊறப்போட்டுப் பிழிஞ்சு குடி எண்டு கிடந்தது, அவிக்கச் சொல்லேல்ல. அப்ப சூடுதான் மருந்தைக் கெடுக்குது எண்டு பிடிச்சிட்டா. ஈதர் எண்ட திரவத்தில, சூடு குறைச்சு எடுத்து, 1971இல 191ஆவது சாம்பிளில சரி வந்தது. முதல் தாங்களே குடிச்சுப் பார்த்துத்தான் நோயாளிக்குக் குடுத்தவை. கலாநிதிப் பட்டமும் இல்லை, வெளிநாட்டில படிச்சதும் இல்லை, 2015இல நோபல்.

எங்களிட்ட கூடுதலாப் பாவிச்சது குளோரோகுயின், பிரைமாகுயின் எண்ட வேற மலேரியா மருந்துகள்தான், ஆனா காய்ச்சல் அதே காய்ச்சல். 1999இல நாடு முழுக்க 2,60,000 பேருக்கு மேல. ஆறு வத்திக் குட்டை குட்டையா நிக்கிற தண்ணியிலதான் அந்த நுளம்பு பெருகும். விரலில குத்தி கண்ணாடியில ஒரு துளி தடவி, சாயம் போட்டு மைக்கிரஸ்கோப்பில பார்த்தா நீலமா ஒரு சின்ன மோதிரம், அதில சிவப்புக் கல்லு வைச்ச மாதிரி ஒரு புள்ளி. அது தெரிஞ்சா நெஞ்சு பதறும், எத்தினை குழந்தையளின்ர இரத்தத்தில பார்த்திருப்பன். 2012 ஒக்ரோபருக்குப் பிறகு மூண்டு வருசத்துக்கு மேல உள்ளூரில தொத்தின ஒருத்தரும் இல்லை, அதால 2016இல உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் தந்தது. இண்டைக்குப் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைக்கு அந்தக் குளிரும் நடுக்கமும் என்னெண்டே தெரியாது, தெரியாமலே இருக்கட்டும், ஆனா எப்பிடி இல்லாமப் போனது எண்டு தெரியவேணும்.

பளை_மகள்:
அக்கா, ரெண்டு விசயம். முதலாவது, தமிழில வையுங்கோ. நான் ஓ/எல் படிக்கேக்க ஒரு இடத்தில இப்பிடி ஒரு பேச்சுக்கு பஸ் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனவை, ரெண்டு மணித்தியாலம் முழு இங்கிலிஸ், ஒண்டும் விளங்கேல்ல, கேள்வி இருக்கோ எண்டு கேக்க எல்லாரும் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தம்.

ரெண்டாவது, எங்கட ஆக்களையும் போடுங்கோ. இலங்கையின்ர முதல் பொம்பிளை என்ஜினியர் பிரேமளா சிவசேகரம், தமிழ்ப் பிள்ளை, 1960களில படிச்சவ, இது எங்களுக்கு ஒரு புத்தகத்திலயும் படிப்பிக்கேல்ல. இன்னுமொண்டு, என்ர அம்மா முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்தவ. வெயிலில முகமூடி போட்டு முழங்காலில இருந்து, டிடெக்டர் கத்துற ஒவ்வொரு இடத்தையும் வெடி எண்டு நினைச்சுத்தான் கிண்டவேணும், ஆணியா இருந்தாலும் சரி, சன்னக் கோதா இருந்தாலும் சரி. பக்கவாட்டால மெல்ல மெல்ல மண்ணைச் சுரண்டி வருவா. அதுவும் தொழில்நுட்பம்தானே. அம்மா மாதிரி ஒராளை மேடையில இருத்திக் கேள்வி கேக்க விடுங்கோ.

அறிவியல்நகர்_மூண்டாம்வருசம்:
நாலு சனிக்கிழமையும் இப்ப நிரம்பிட்டுது. பளைத் தங்கச்சி, அம்மாவிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ, பஸ் காசு நாங்கள் பார்க்கிறம். எல்லாம் தமிழில, ரெண்டு மணிக்கு முடிச்சிடுவம், அப்பதான் துணுக்காய்ப் பிள்ளையள் வெளிச்சத்தோட வீட்டை போகலாம். மாங்குளத்து அம்மா, நீங்களே வந்து கதைப்பீங்களோ?

மாங்குளத்து_அம்மா:
மேடையில எனக்குக் கதைக்க வராது பிள்ளை. ஆனா இரத்தம் தடவின கண்ணாடியை மைக்கிரஸ்கோப்பில எப்பிடிப் பார்க்கிறது எண்டு காட்டித் தருவன். மைக்கிரஸ்கோப் ஒண்டு காணாது, நாலு எண்டாலும் ஒழுங்கு பண்ணுங்கோ. உங்கட பத்தாம் வகுப்புத் தங்கச்சியை முன்னுக்கு இருக்கச் சொல்லுங்கோ.