இரண்டு நொடியில் என்னை என்னவென்று முடிவு செய்தார்கள்?

சென்னை, 31 வயது

2021 மே மாதம் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியதிலிருந்து, பஸ் ஏறும்போதெல்லாம் கண்டக்டர் எனக்கு ஒரு தீர்ப்பு எழுதுகிறார். சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், கொஞ்ச நாளில் திருநங்கையருக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆண் என்றால் காசு. கூட்டத்தில் அவருக்குக் கிடைப்பது இரண்டு நொடி. அதற்குள் என்னிடம் எதைப் பார்த்து முடிவெடுக்கிறார் என்பதை நான் ஒரு கணக்குப்பிள்ளை போலக் குறித்து வைத்திருக்கிறேன்.

நான் ஜென்டர்ஃப்ளூயிட். தமிழில் 'பால் நகர்வோர்' என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அந்தச் சொல் பிடித்திருக்கிறது. பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள். சில வாரம் அது சரியாகவே இருக்கும், சில நாள் துளியும் ஒட்டாது. ஆனால் உடை மாறுவதில்லை. எப்போதும் பருத்திச் சட்டை, பேன்ட், ரப்பர் செருப்பு, கிராப்பு.

போன ஆடியில் ஒரு நாள், உள்ளுக்குள் முழுக்கப் பெண்ணாக இருந்த நாள், கண்டக்டர் "தம்பி, எங்கே?" என்றார். காசு கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அதே சட்டை, அதே வழித்தடம். அன்று ஆண். ஆனால் கல்யாண வீட்டுக்குப் போட்ட தோட்டைக் கழற்ற மறந்திருந்தேன். "இந்தாம்மா" என்று இலவச டிக்கெட் வந்தது. நான் காசை நீட்ட, அவருக்குக் கோபம். "அரசாங்கம் கொடுக்கிறது, உங்களுக்கு என்னம்மா கஷ்டம்?" பின்சீட்டில் ஒரே சிரிப்பு. அரை கிராம் தோட்டில் இருக்கிறது என் பாலினம்.

அன்னியரை விட நண்பர்களின் கேள்விதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. "பெண்ணாக இருக்கும் நாளில் புடவை கட்டினால் எங்களுக்கும் புரியுமே?" என் அம்மா இருபது வருடமாக வீட்டில் நைட்டியும் தோளில் ஒரு துண்டுமாகத்தான் இருக்கிறார். பெண் என்பதற்கு அவரிடம் யாரும் அத்தாட்சி கேட்டதில்லை.

தமிழில் 'வந்தேன்' என்று சொன்னால் ஆணா பெண்ணா என்று தெரியாது. 'வந்தாய்' என்றாலும் தெரியாது. அடுத்தவர் நம்மைப் பற்றிப் பேசும்போதுதான் 'வந்தான்', 'வந்தாள்' முளைக்கிறது. உங்களுக்கு அது எங்கே முளைத்தது? எழுதுங்கள்.

திருவண்ணாமலை மாவட்டம், 38 வயது

எனக்கு அது பிறப்பதற்கு முன்பே முளைத்துவிட்டது. அப்பா தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டியவர். துகில் உரியும் இரவில் ஊர்ப் பெண்கள் அவர் முன்னால் கற்பூரம் ஏற்றுவார்கள். விடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு ஏரிக்கரைக் கழனிக்குப் போவார். அப்போது அவர் வெறும் 'கூத்துக்காரன்', கும்பிட்டவர்களே பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

நான் இருனர். ஆணும் பெண்ணும் எனக்கு மாறி மாறி வருவதில்லை, ஒன்றாகவே இருக்கிறது. வேட்டி கட்டி, கண்ணுக்கு மை தீட்டிக்கொள்வேன். ஊர் அதற்குத் தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது: "அப்பன் தொழிலைப் பழகுகிறான்." அந்தக் காரணத்துக்குள் பத்து வருடம் சௌகரியமாக ஒளிந்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் டீக்கடையில், இது வேடமில்லை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தக் கடையில் எனக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அப்பாவிடம் செய்தி போயிருந்தது. அவர் என்ன சொல்வாரோ என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வந்தார், என் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "மை இவ்வளவு கீழே இறங்கினால் வெயிலில் வழிந்துவிடும்" என்று கட்டைவிரலால் துடைத்துவிட்டு, உள்ளே போய்ச் சோறு கேட்டார்.

அத்தை மட்டும் திருச்செங்கோட்டு அர்த்தநாரீஸ்வரர் படத்தைக் காட்டி, "நீ இப்படியா, கண்ணு?" என்றார். பாசத்தோடு கேட்டதுதான். ஆனால் அங்கே வலப்பாதி ஆண், இடப்பாதி பெண், நடுவே நேராக ஒரு கோடு. என்னிடம் அந்தக் கோட்டைத் தேடினால் கிடைக்காது. பிசைந்த சாம்பார் சாதத்தில் சாம்பாரை மட்டும் தனியாக எடுத்துக் காட்டு என்றால் எப்படி? இதை அத்தையிடமும் சொன்னேன். "அப்படியானால் பசிக்கிறதா?" என்றார்.

கோயம்புத்தூர், 24 வயது

எனக்கு அடர்த்தியான மீசை. வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ வாங்கப் போனால் பூக்காரம்மா, "வீட்டுக்காரிக்கா தம்பி? நல்லா இருங்க" என்று கொஞ்சம் கூட்டியே அளப்பார். எனக்குத்தான் என்று இதுவரை சொன்னதில்லை. பூ குறைந்துவிடுமோ என்ற பயம்.

மதுரை, 42 வயது

முதலில் எழுதியவருக்கு ஒரு வார்த்தை. உடையை மாற்றாமலே நகர முடிவது ஒரு வசதி. உங்களுக்குச் சம்பளம் வருகிறது, அம்மா கூட இருக்கிறார். எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை.

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே அறிவித்துக்கொள்வது உரிமை என்றது. திருநர் உரிமைகளுக்கான 2019 சட்டம் திருநர் என்பதற்கு எழுதிய வரையறைக்குள், ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவரைக் குறிக்கும் ஜென்டர்குயர் என்ற சொல்லும் இருந்தது. 2020 விதிகள், திருநர் என்று சான்றிதழ் பெற உடல் பரிசோதனை தேவையில்லை, உறுதிமொழிப் பத்திரம் போதும் என்றன. இவை மூன்றையும் அச்செடுத்துக் கோப்பில் போட்டுக்கொண்டு, 2022 இல் அந்தச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் போய் நின்றேன். சட்டை, பேன்ட், பொட்டு.

அங்கிருந்தவர் கோப்பைத் திறக்கவில்லை. பக்கத்து மேசைக்காரரிடம், "இது என்ன கேட்கிறது?" என்றார். வந்தானா வந்தாளா என்ற குழப்பம்கூட அவருக்கு இல்லை, நேராக அஃறிணைக்குப் போய்விட்டார். பிறகு என்னிடம், "திருநங்கை என்றால் சேலையில் வரவேண்டாமா?" நான் திருநங்கை இல்லை என்றேன். "அப்படியானால் எதற்கு வந்தீர்கள்?" எங்களைப் போன்றவர்களைக் குறிக்க, தமிழ்நாடு அரசு மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

பெஞ்சில் காத்திருந்த ஒரு திருநங்கை அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "மகளே, அடுத்த தடவை சேலை கட்டிக்கொண்டு வா. வேலை முடியும்." எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும் வழியில்தான் போனது. அந்தச் சேலைக்காக அவர் வீட்டையும் ஊரையும் விட்டிருப்பார். அவர் கையில் இருந்த ஒரே சாவியை எனக்கும் நீட்டினார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அக்காவின் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கோப்பு நகர்ந்தது. சான்றிதழ் இப்போது பீரோவில் இருக்கிறது. அதை எடுக்கும்போதெல்லாம் இடுப்பில் அந்தச் சேலை நழுவுவது போல இருக்கும். பெருமைக்காக இதை எழுதவில்லை.

சென்னை, 31 வயது

மதுரைக்காரர் சொன்னது உறைக்கிறது. இந்த வேலை இல்லையென்றால் நானும் யாருடைய சேலையையாவது கடன் வாங்கியிருப்பேன்.

கண்டக்டர் கணக்கில் ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். கார்த்திகையில், மழை. வயதானவர், மூக்குக்கண்ணாடியில் தண்ணீர். என்னைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு சாதாரணமாக, "உங்களுக்கு எந்த டிக்கெட் தரட்டும்?" என்றார்.

இத்தனை வருடத்தில் முதன்முறையாக ஒருவர் கேட்கிறார். என்னிடம் பதில் தயாராக இல்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. பத்து ரூபாயை நீட்டிவிட்டு, மீதிச் சில்லறை வாங்காமலே உள்ளே போய்விட்டேன்.