தஞ்சாவூர் அரண்மனை கலைக்கூடம் போய்வந்த சேலத்துக்காரங்க, மறக்க முடியாதது எது?

அஸ்தம்பட்டி அம்மிணி:
பெரிய கோயில் பார்த்த கையோடு எல்லாரும் போகிற இடம்தான். எனக்கு அந்த ரிஷபவாகனர், அதாவது காளை வாகனத்துச் சிவனின் செப்புச் சிலை மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. சீர்காழிப் பக்கம் திருவெண்காட்டிலிருந்து வந்த ஐயா. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, காலை மாற்றி வைத்து ஒயிலாக நிற்கிறார். ஒரு கை மடங்கி எதன்மேலோ சாய்ந்திருக்கிறது. எதன்மேல்? காளையைக் காணோம். என் மாமியார் காவலாளியிடமே போய், "மாடு எங்கங்க?" என்று கேட்டுவிட்டார். அவர் கையை விரித்தார். அத்தை அப்புறம் வேறு எந்தச் சிலைக்கும் நகரவில்லை.

செவ்வாய்பேட்டைக்காரன்:
கல்வெட்டுப்படி அது 1011இல், ராஜராஜன் காலத்தில் செய்த திருமேனி. அவருடைய ஜோடியான அம்மன் சிலை அடுத்த வருடம். பூஜையில் இருந்த சாமியை நாயக்கர் தர்பார் மண்டபத்தில் நிறுத்தி டிக்கெட் கிழிப்பது எனக்கு ஒப்பவில்லை. நான் கை கூப்பினேன். பக்கத்தில் செல்ஃபி எடுத்த பையன், "அண்ணா, இது மியூசியம்" என்றான். இன்னும் ஆத்திரமாக வருகிறது.

ஏற்காட்டான்:
செவ்வாய்பேட்டை அண்ணா, அது மண்ணுக்குள் கிடந்து கிடைத்த சாமி. கோயிலிலேயே இருந்திருந்தால் இன்றைக்கு எந்த நாட்டில் இருக்குமோ! ஆனால் உங்கள் கோபமும் புரிகிறது. எங்கள் சேர்வராயன் மலையில் புதிய கற்காலக் கோடரிகளை மரத்தடியில் சாமியாக வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஏற்காட்டில் வாழ்ந்த ஆங்கிலேய நிலவியல் அறிஞர் புரூஸ் ஃபுட் இதை எழுதியிருக்கிறார். அவர் சேகரித்ததெல்லாம் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. எழும்பூரில் கண்ணாடிக்குள் கல்கோடரியைப் பார்த்தபோது, குங்குமம் இல்லாமல் யாரோபோல் இருந்தது.

அம்மாபேட்டை அப்பா:
நான் பார்த்தது திமிங்கில எலும்புக்கூடு மட்டும். பையன் அங்கிருந்து அசையவே இல்லை. அதனால் சொல்கிறேன், குழந்தைகளோடு போனால் திமிங்கிலத்தைக் கடைசியில் காட்டுங்கள். முதலில் செப்புத் திருமேனிகள், அப்புறம் தாராசுரத்திலிருந்து வந்த யானையுரித்தவர், யானைத் தோலை உரித்த சிவனின் கற்சிலை. அரண்மனைக் கோபுரப் படி குறுகலும் செங்குத்தும். முட்டி வலிக்காரர்கள் ஏற வேண்டாம். சரஸ்வதி மஹால் நூலகமும் அதே வளாகம்தான், தவறவிடாதீர்கள். உள்ளே பிரிவுக்குப் பிரிவு டிக்கெட் கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நாமக்கல், திருச்சி வழியாகக் காரில் போகிறவர்கள் விடியும் முன்பே கிளம்புங்கள். மதியச் சாப்பாட்டைத் திருச்சியில் முடித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் அவ்வளவுதான், அரண்மனையை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.